பிரபஞ்சத் தொடக்கம் பற்றிய கேள்வியும் கொல்கத்தாவில் பிறந்த சமன்பாடும்: இயற்பியலாளர் அமல் குமார் ராய்சௌத்ரியின் வாழ்வும் ஆய்வும்

பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் ஒன்று இருந்தே ஆக வேண்டுமா? பெரும் விண்மீன் ஒன்று தன் எடையைத் தாங்க இயலாமல் சுருங்கத் தொடங்கினால் அதன் முடிவு என்ன? இவ்விரு கேள்விகளையும் ஆராயும் இயற்பியலாளர்கள் இன்றும் அடிப்படைக் கருவியாகக் கொள்வது 1955-ஆம் ஆண்டில் வெளியான ஒரு சமன்பாட்டை. அதை வகுத்தவர் கொல்கத்தாவைச் சேர்ந்த அமல் குமார் ராய்சௌத்ரி. அவர் பெயராலேயே அது 'ராய்சௌத்ரி சமன்பாடு' என்று உலகெங்கும் அழைக்கப்படுகிறது.

கருந்துளைகள் குறித்த ஆய்வுக்காக பிரிட்டனின் ரோஜர் பென்ரோஸுக்கு 2020-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசின் ஒரு பாதி வழங்கப்பட்டபோது, இந்தச் சமன்பாடு இந்தியாவில் மீண்டும் பேசப்பட்டது. பென்ரோஸின் நிரூபணம் இதை அடித்தளமாகக் கொண்டதே காரணம். ஆனால், இச்சமன்பாடு உருவான காலத்தில் அதை வகுத்தவருக்கு அத்துறையில் ஆராய முறையான வாய்ப்பே இருக்கவில்லை.

இளமையும் கல்வியும்

இன்றைய வங்கதேசத்தில் உள்ள பாரிசாலில் 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி ராய்சௌத்ரி பிறந்தார். தந்தை பள்ளிக் கணித ஆசிரியர். கொல்கத்தாவின் ஹிந்து பள்ளியில் பயின்ற அவர், பிரசிடென்சி கல்லூரியில் 1942-இல் இளநிலைப் பட்டமும், கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1944-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

அதன்பின் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். 1876-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தில்தான் சர் சி.வி. ராமன் 1928-இல் 'ராமன் விளைவை'க் கண்டறிந்தார். அங்கு ராய்சௌத்ரி மேற்கொண்டது சோதனை இயற்பியல். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் முயன்றும் குறிப்பிடத்தக்க முடிவு எதுவும் கிட்டவில்லை.

பின்னர் கொல்கத்தாவின் அசுதோஷ் கல்லூரியில் விரிவுரையாளரானார். கணிதத்தில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்த அவர், ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டின்பால் திரும்பியது இக்காலத்தில்தான். 1952-இல் மீண்டும் அறிவியல் வளர்ப்புக் கழகத்தில் பணி கிடைத்தது. எனினும், உலோகங்களின் பண்புகளை ஆராய்வதே அங்கு அவருக்கு இடப்பட்ட வேலை. சார்பியல் ஆய்வை அதற்கு இடையில்தான் அவர் தொடர வேண்டியிருந்தது.

அன்று நிலவிய சிக்கல்

ஐன்ஸ்டீன் 1915-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஈர்ப்பு என்பது காலமும் வெளியும் இணைந்த காலவெளியின் வளைவு. பொருள் இருக்கும் இடத்தில் காலவெளி வளைகிறது. அவ்வளைவுக்கு ஏற்பப் பொருள்கள் நகர்கின்றன. இக்கோட்பாட்டைப் பயன்படுத்தி, பிரபஞ்சம் விரிவடையக்கூடும் என்று ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஃப்ரீட்மன் 1922-இல் கணித்துக் காட்டினார்.

விரிவடையும் பிரபஞ்சத்தைக் காலத்தில் பின்னோக்கிக் கணக்கிட்டால், அனைத்துப் பொருளும் ஒன்றாக நெருங்கி, அடர்த்தி எல்லையற்றதாகும் நிலை வருகிறது. அந்த நிலையில் கோட்பாடே செயலிழக்கிறது. இதையே 'ஒருமைப்புள்ளி' என்கின்றனர்.

இது இயற்கையின் உண்மையா, கணக்கின் குறையா என்பதே கேள்வி. ஃப்ரீட்மனின் கணக்கு, பிரபஞ்சத்தில் பொருள் எல்லா இடங்களிலும் சமமாகப் பரவியிருப்பதாகவும், எத்திசையில் நோக்கினும் அது ஒரேவிதமாகத் தோன்றுவதாகவும் கொண்டது. இத்தகைய முழுமையான சீர்மை இருந்தால், பின்னோக்கிச் செல்லும் துகள்கள் யாவும் ஒரே இடத்தில் குவிவதில் வியப்பில்லை. சீர்மை சற்றே குலைந்தால் அவை ஒன்றையொன்று விலகிச் சென்றுவிடக் கூடும். ஒருமைப்புள்ளியும் மறைந்துவிடலாம் என்று பலர் எண்ணினர்.

சுழலும் பிரபஞ்சம் ஒன்றுக்கான தீர்வை கணிதவியலாளர் கர்ட் கோடெல் 1949-இல் வெளியிட்டிருந்தார். சுழற்சி இந்தக் குவிதலைத் தடுக்குமா என்ற வினாவும் அதையொட்டி எழுந்தது.

சமன்பாடு சொல்வது என்ன?

ராய்சௌத்ரி அந்தச் சீர்மை அனுமானத்தைக் கைவிட்டார். பிரபஞ்சம் முழுவதற்கும் ஒரு வடிவத்தை முன்கூட்டியே கொள்ளாமல், ஈர்ப்பு ஒன்றினால் மட்டும் இயங்கும் துகள்களின் ஒரு சிறு திரளை எடுத்துக்கொண்டு, காலப்போக்கில் அதன் பருமன் எவ்வாறு மாறுகிறது என்று கேட்டார்.

அத்தகைய திரளுக்கு மூன்று வகை மாற்றங்கள் நேரலாம். முதலாவது, அது ஒட்டுமொத்தமாக விரியலாம் அல்லது சுருங்கலாம். இரண்டாவது, அதன் உருவம் திரியலாம். உயரத்திலிருந்து பூமியை நோக்கி விழும் கூழாங்கற்களின் உருண்டையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். கீழே உள்ள கற்கள் மேலே உள்ளவற்றைவிடச் சற்று வலுவாக இழுக்கப்படுவதால் உருண்டை நீள்கிறது. பக்கங்களில் உள்ளவை பூமியின் மையத்தை நோக்கிச் சரிவதால் அது ஒடுங்குகிறது. மூன்றாவது, திரள் சுழலலாம்.

இம்மூன்றையும் அங்குள்ள பொருளின் ஈர்ப்பையும் ஒரே சமன்பாட்டில் ராய்சௌத்ரி இணைத்தார். அதன்படி, பொருளின் ஈர்ப்பு துகள்களைக் குவிக்கிறது. உருத்திரிபும் குவிதலுக்கே துணைபோகிறது. சுழற்சி மட்டுமே அதை எதிர்த்து நிற்கிறது.

இதன் விளைவு முக்கியமானது. சீர்மை குலைந்தால் ஒருமைப்புள்ளி மறையும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, சீர்குலைவால் நேரும் உருத்திரிபு குவிதலை விரைவுபடுத்தவே செய்கிறது. சுழற்சி இல்லாத நிலையில், ஈர்ப்பு வழக்கம்போல் இழுக்கும் விசையாக இருக்கும்வரை, குவியத் தொடங்கிய துகள்கள் வரையறுக்கப்பட்ட காலத்துக்குள் ஒன்றுசேர்வது தவிர்க்க முடியாதது.

'சார்பியல் பிரபஞ்சவியல்' என்ற தலைப்பிலான இந்த ஆய்வுக்கட்டுரை, அமெரிக்காவின் 'ஃபிசிக்கல் ரிவ்யூ' இதழில் 1955-இல் வெளியானது. இதே போன்றதொரு முடிவை சோவியத் இயற்பியலாளர் லெவ் லாண்டாவும் தனியே கண்டறிந்திருந்ததால், 'லாண்டா-ராய்சௌத்ரி சமன்பாடு' என்ற பெயரும் வழக்கில் உள்ளது.

தாமதமாக வந்த அங்கீகாரம்

கட்டுரையை வெளிநாட்டு ஆய்வாளர்கள் கவனிக்கத் தொடங்கிய பின்னரே, ராய்சௌத்ரி முனைவர் தகுதிக்கான ஆய்வேட்டை கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். அதை மதிப்பிட்டவர்களில் ஒருவர், பின்னாளில் 'கருந்துளை' என்ற சொல்லைப் பரவலாக்கிய அமெரிக்க இயற்பியலாளர் ஜான் வீலர். 1960-இல் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கப்பட்டது. புகழ்பெற்ற கட்டுரை வெளியாகி அதற்குள் ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

1965-இல் ரோஜர் பென்ரோஸ், சுருங்கும் விண்மீன் சீரான கோளமாக இல்லாவிடினும், ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் ஒருமைப்புள்ளி உருவாவதைத் தவிர்க்க முடியாது என்று நிரூபித்தார். துகள்களுக்குப் பதிலாக ஒளிக்கதிர்களின் திரள் குவிவதை அவர் ஆராய்ந்தார். ராய்சௌத்ரி சமன்பாட்டின் ஒளிக்கதிர்களுக்கான வடிவமே அதில் மையக் கருவியாக அமைந்தது. இதே வழிமுறையை ஸ்டீஃபன் ஹாக்கிங் பிரபஞ்சத்தின் தொடக்கத்துக்குப் பயன்படுத்தினார். 1970-இல் இருவரும் இணைந்து விரிவான தேற்றம் ஒன்றை வெளியிட்டனர்.

நோபல் பரிசு 2020-இல் அறிவிக்கப்பட்டபோது ராய்சௌத்ரி மறைந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. சமன்பாட்டிலிருந்து தேற்றத்தை எட்ட, காலவெளியின் முழு அமைப்பையும் ஒருசேர நோக்கும் புதிய கணித முறைகள் தேவைப்பட்டன. அவற்றை உருவாக்கியது பென்ரோஸின் தனிச்சாதனை. அதேவேளையில், குவிதல் என்ற அடிப்படைப் படி இல்லாமல் அந்த நிரூபணம் நிற்காது.

கால் நூற்றாண்டு ஆசிரியப் பணி

1961-இல் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக ராய்சௌத்ரி பொறுப்பேற்றார். 1986-இல் ஓய்வு பெறும் வரை கால் நூற்றாண்டு அங்கேயே பயிற்றுவித்தார். சரக் கோட்பாட்டில் உலகப் புகழ் பெற்றவரும், 2012-இல் தொடங்கப்பட்ட அடிப்படை இயற்பியல் பரிசை முதன்முதலில் பெற்றவர்களில் ஒருவருமான அசோக் சென், அவரிடம் பயின்றவர். இயக்கவியல், மின்காந்தவியல், பிரபஞ்சவியல் ஆகிய துறைகளில் ராய்சௌத்ரி பாடநூல்களும் எழுதியுள்ளார். 2005-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி கொல்கத்தாவில் காலமானார்.

இன்றைய ஆய்வுகளில்

பிரபஞ்சத்தின் விரிவு வேகமடைந்து வருவதை, தொலைதூர விண்மீன் வெடிப்புகளை ஆராய்ந்த இரு குழுக்கள் 1998-இல் கண்டறிந்தன. ஈர்ப்பு எப்போதும் குவிக்கவே செய்யும் என்ற நிபந்தனைக்கு இது விலக்காகும். இதற்குக் காரணமாகக் கருதப்படும் 'இருண்ட ஆற்றல்' ராய்சௌத்ரி சமன்பாட்டில் எதிர்த் திசையில் செயல்படுகிறது. எனவே, எந்த நிலையில் குவிதல் நிகழும், எந்த நிலையில் விரிதல் வேகமடையும் என்பதைப் பிரித்தறியவும் அதே சமன்பாடு பயன்படுகிறது.

ஒருமைப்புள்ளியில் உண்மையில் நிகழ்வது என்ன என்பதற்கு அச்சமன்பாடு விடை கூறுவதில்லை. ஐன்ஸ்டீனின் கோட்பாடு எங்கே முடிகிறது என்பதையே அது காட்டுகிறது. அதற்கு அப்பால் செல்ல ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் இணைக்கும் கோட்பாடு தேவை. அத்தகைய கோட்பாடுகளை ஆராய்வோரும், துகள்களின் குவிதல் எங்கே, எதனால் தடைபடும் என்ற கேள்வியை ராய்சௌத்ரி வகுத்த சமன்பாட்டின் மொழியிலேயே கேட்டு வருகின்றனர்.