பசுமை வாழ்வும் சஞ்சிகைத் தெரிவும் – ஒரு வரலாற்று நோக்கு

சுற்றாடலுக்கு ஊறு செய்யாத வாழ்க்கை முறையைக் கற்பிக்கும் சஞ்சிகைகள் இன்று பல மொழிகளிலும் வெளிவருகின்றன. கூட்டெரு தயாரித்தல், சூரிய வெப்பத்தால் சமைத்தல், கழிவைக் குறைத்தல், நஞ்சற்ற மரக்கறி பயிரிடல் என்பன அவற்றின் வழக்கமான பொருள்கள். இவற்றுள் எதனைத் தெரிவு செய்வது என்னும் வினா எழும்போது, எது கூடுதலான பயனுள்ள குறிப்புகளைத் தருகின்றது என்று பார்ப்பதே பொதுவழக்கு. ஆயின், இவ்வகைச் சஞ்சிகைகளின் வரலாற்றை நோக்குமிடத்து, அவை குறிப்புகளை மட்டும் வழங்கியவையல்ல என்பது புலனாகும். ஒவ்வொன்றும் தன் வாசகனை ஒரு குறிப்பிட்ட வகையான மனிதனாக உருவகித்தே எழுதியது. ஒன்று அவனைத் தோட்டக்காரனாகக் கண்டது. ஒன்று தன் கையே தனக்குதவி என வாழ்பவனாகக் கண்டது. பிறிதொன்று வாங்குபவனாகவும், இன்னொன்று குடிமகனாகவும் கண்டன. ஆகவே சஞ்சிகையைத் தெரிவு செய்வது, சூழற் பிரச்சினைக்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்கான விடையையும் சேர்த்தே தெரிவு செய்வதாகும்.

இவ்வகை இதழியலின் தொடக்கத்தைத் தேடுபவர் இந்தியாவின் இந்தூர் நகருக்குச் செல்லல் வேண்டும். ஆங்கிலேயத் தாவரவியலாளரான அல்பேர்ட் ஹோவார்ட் 1924 முதல் 1931 வரை அங்கிருந்த பயிர்த்தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். இந்தியக் கமக்காரரிடம் கற்றவற்றையும் சீனரின் பழைய எருமுறைகளையும் ஆராய்ந்து, தாவரக் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காக இட்டு, இடையிடையே புரட்டி, ஏறத்தாழ மூன்று மாதங்களில் எருவாக்கும் முறையை அவர் வகுத்தார். இந்தூர் முறை எனப் பெயர் பெற்ற இதனை யஷ்வந்த் வாட் என்பாருடன் இணைந்து 1931இல் நூலாக வெளியிட்டார். 1940இல் வெளிவந்த அவரது மற்றொரு நூல், மண்ணிலிருந்து எடுத்ததனை மண்ணுக்கே திருப்பிக் கொடுத்தல் என்னும் விதியை வேளாண்மையின் அடிப்படையாக வலியுறுத்திற்று.

இக்கருத்துகளால் கவரப்பட்டவர்களுள் ஜே. ஐ. ரொடேல் என்னும் அமெரிக்கர் ஒருவர். மின்சாதனப் பொருள் உற்பத்தியிலும் பதிப்புத் தொழிலிலும் ஈடுபட்டிருந்த அவர், பென்சில்வேனியா மாநிலத்தின் எமாஸ் என்னும் ஊரில் கமமொன்றை வாங்கி, 1942இல் 'ஓர்கானிக் பார்மிங் அன்ட் கார்டனிங்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். ஹோவார்டின் பெயர் அதன் துணையாசிரியர் நிரலில் இடம்பெற்றது. சேதனக் கமத்தையும் தோட்டத்தையும் ஒருங்கே பெயரிற் கொண்ட அவ்விதழுக்குக் கமக்காரரிடையே வரவேற்புக் கிட்டவில்லை. வீட்டுத் தோட்டக்காரரே அதனை விரும்பி வாசித்தனர். இதழும் அவர்களை நோக்கியே திரும்பியது. இம்மாற்றம் சிறியதாகத் தோன்றினும் கருத்தூன்றி நோக்கற்பாலது. ஒரு நாட்டின் மண்வளம் பற்றி எழுந்த சிந்தனை, ஒரு வீட்டின் கொல்லைப்புறம் பற்றிய அறிவுரையாகச் சுருங்கிற்று. இந்தியக் கமக்காரனின் அறிவு அமெரிக்க வாசகனைச் சென்றடைந்தபோது, அவ்வறிவுக்கு உரியவன் யார் என்பதும் பெரும்பாலும் மறக்கப்பட்டது. ரொடேல் 1950இல் தொடங்கிய 'பிரிவென்ஷன்' என்னும் உடல்நலச் சஞ்சிகையோ உயிர்ச்சத்து மாத்திரை விளம்பரங்களைப் பெருமளவிற் தாங்கி வெளிவந்தது. இயற்கையான வாழ்வைப் போதித்த பக்கமும் மாத்திரை விற்ற பக்கமும் ஒரே தாளின் இருபுறங்களாயின.

இவ்விடத்தில் பிறிதோர் உண்மையையும் மனங்கொள்ளல் தகும். இருபதாம் நூற்றாண்டின் சூழல் விழிப்புணர்வைத் தூண்டிய எழுத்துகளுள் முதன்மையானதான ராகேல் கார்சனின் 'மௌன வசந்தம்', 1962இல் 'நியூ யோர்க்கர்' என்ற பொதுவான வார இதழிலேயே முதலில் தொடராக வெளிவந்தது. பூச்சிநாசினிகளின் தீங்கை விளக்கிய அவ்வெழுத்து இரசாயனக் கைத்தொழிலாளரின் கடுமையான எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. பெயரிற் பசுமை தாங்கிய இதழ்களே சூழலுக்காகப் பேசும் என்ற எண்ணம் பொருந்தாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1960களின் பிற்கூற்றில் அமெரிக்க இளைஞர் பலர் நகர வாழ்வைத் துறந்து நிலத்தை நாடினர். அவர்களுக்கென ஸ்ருவேட் பிராண்ட் என்பவர் 1968இல் 'ஹோல் ஏர்த் கட்டலொக்' என்னும் பெருந்தொகுப்பை வெளியிட்டார். கருவிகள், நூல்கள், விதைகள், கட்டட முறைகள் ஆகியன பற்றிய மதிப்புரைகளும் அவற்றின் விலையும் கிடைக்கும் இடமும் அதிலே தரப்பட்டன. அது பொருட்களை விற்பதற்காகத் தயாரித்த விளம்பரத் தொகுப்பன்று. இடம்பெறும் பொருளுக்காக உற்பத்தியாளரிடமிருந்து கட்டணம் பெறாமையும், வாசகர் எழுதிய மதிப்புரைகளை ஏற்றமையும் அதன் சிறப்புகளாகும். 1970 ஜனவரியில் ஜோன் ஷட்டில்வேர்த், ஜேன் ஷட்டில்வேர்த் தம்பதியர் ஒஹையோ மாநிலத்தில் தொடங்கிய 'மதர் ஏர்த் நியூஸ்' இதே வழியில் வீடு கட்டவும் கோழி வளர்க்கவும் காற்றாலை அமைக்கவும் கற்பித்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடி இத்தகைய அறிவுக்கான தேவையை மேலும் உணர்த்தியது. எனினும், இவ்வெழுத்துகள் கற்பனை செய்த வாசகன் நிலம் வாங்கவும் கருவி வாங்கவும் இயன்றவன். நிலமற்றவனுக்கும் தொழிற்சாலைப் புகையின் கீழே குடியிருப்பவனுக்கும் அவற்றிடம் சொல்ல அதிகம் இருக்கவில்லை.

பிரித்தானியாவில் இதே காலத்தில் வேறொரு மரபு உருவாயிற்று. ஜோன் பப்வேர்த் 1966இல் தொடங்கிய 'றிசேர்ஜன்ஸ்', சிறிய அளவிலான சமூக அமைப்பையும் பொருளாதாரத்தையும் ஆதரித்தது. பர்மாவில் 1955இல் ஆலோசகராகப் பணியாற்றி, பௌத்தப் பொருளியல் பற்றிச் சிந்தித்த ஈ. எவ். ஷூமேக்கர் அதில் தொடர்ந்து எழுதினார். 1973 முதல் 2016 வரை அதன் ஆசிரியராக விளங்கியவர் இராஜஸ்தானிற் பிறந்த சதீஷ் குமார். எட்வேர்ட் கோல்ட்ஸ்மித் 1970 யூலையில் தொடங்கிய 'எக்கொலொஜிஸ்ட்' இன்னும் ஒருபடி சென்றது. அதன் 1972 ஜனவரி இதழ் முழுவதும், மனித இனம் எஞ்சி வாழ்வதற்கான திட்டமொன்றாக அமைந்தது. ஐக்கிய நாடுகளின் ஸ்டொக்ஹோம் சுற்றாடல் மாநாடு கூடுவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன் வெளிவந்த அத்திட்டம், தனியொருவன் என்ன வாங்குவது என்று கேட்கவில்லை. ஓர் அரசு எவ்வாறு இயங்க வேண்டும் என்று கேட்டது. 1973இல் பிரித்தானியாவில் தோன்றிப் பின்னர் பசுமைக் கட்சியாக வளர்ந்த அரசியல் அமைப்பு இச்சிந்தனையால் ஊக்கம் பெற்றதாகும்.

இச்சஞ்சிகைக்கும் இலங்கைக்கும் நேரடியான தொடர்பொன்று உண்டு. 1982இல் இலங்கையின் குளநீர்ப்பாசனத்தையும் மரபுவழி வேளாண்மையையும் போற்றும் எழுத்துகள் அதில் இடம்பெற்றன. கோல்ட்ஸ்மித்தும் நிக்கலஸ் ஹில்டியார்ட்டும் பேரணைகளின் சமூக, சூழல் விளைவுகளை ஆராய்ந்து 1984இல் நூல் வெளியிட்டனர். துரித மகாவலித் திட்டத்தின் கீழ்ப் பிரித்தானிய உதவியுடன் விக்டோரியா அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. உதவி வழங்கிய நாட்டிலிருந்தே அத்தகைய உதவியின் தன்மையை வினவும் குரல் எழுந்தமை போற்றத்தக்கது. அதே வேளை, கோல்ட்ஸ்மித் மரபுச் சமூகத்தை அளவுக்கு மீறி இலட்சியப்படுத்தினார் என்ற கண்டனமும் எழுந்தது. குளத்து நீரை அளவோடு பங்கிட்ட சமூகம், மனிதரைச் சாதியால் ஏற்றத்தாழ்வாகப் பங்கிட்ட சமூகமுமாகும். இயற்கையோடு இயைந்த வாழ்வு என்ற தொடரை ஒரு சஞ்சிகை கையாளும்போது, அவ்வாழ்வில் எருச் சுமந்தவன் யார், அறுவடையைப் பெற்றவன் யார் என்ற வினாக்களை அது எழுப்புகின்றதா என்று வாசகன் பார்த்தல் வேண்டும்.

சஞ்சிகையின் சுதந்திரம் எத்துணை எளிதிற் பறிபோகக்கூடியது என்பதனை 1998ஆம் ஆண்டு காட்டிற்று. மொன்சான்டோ என்னும் பெரும் வேளாண் இரசாயனக் கம்பெனியைப் பற்றி 'எக்கொலொஜிஸ்ட்' தயாரித்த சிறப்பிதழின் 14,000 பிரதிகளை, அவதூறு வழக்குக்கு அஞ்சி, அச்சிட்டவர்களே அழித்துவிட்டனர். வேறோர் அச்சகம் தேடியே அவ்விதழ் வாசகரைச் சென்றடைந்தது. இங்கே இதழை முடக்கியது அச்சம்; வேறிடங்களில் இதழை மெல்ல மாற்றியது வருவாய். 1980களின் இறுதியில் பசுமை நுகர்வு என்பது மேலைநாடுகளில் ஒரு சந்தையாக வளர்ந்தது. சவர்க்காரம் முதல் மோட்டார் வாகனம் வரை யாவும் பசுமை முத்திரையுடன் விற்கப்பட்டன. அதிகம் வாங்குவதே நோயாக இருக்க, வேறொன்றை வாங்குவதே மருந்தாகக் கூறப்பட்டது. ரொடேலின் சஞ்சிகையும் 2015இல் தோட்டத்தைத் தன் பெயரிலிருந்து நீக்கிப் பொதுவான வாழ்க்கைமுறை இதழாக மாறி, 2017இல் அச்சில் வெளிவருவதை நிறுத்தியது. முக்கால் நூற்றாண்டுப் பயணம் மண்ணிலே தொடங்கி அலங்காரத்தில் முடிந்தது.

மூன்றாம் உலகிலிருந்து எழுந்த விடை இதனின்று வேறுபட்டது. அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் எழுதிய ஆய்வொன்று, வயிற்றுப் பிழைப்புக்காக வெளிவிடும் வாயுவையும் ஆடம்பரத்துக்காக வெளிவிடும் வாயுவையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது என வாதிட்டது. நெல்வயலிலிருந்து எழும் மெதேனும் உல்லாச வாகனத்திலிருந்து எழும் கரிவாயுவும் சமமல்ல என்பது அதன் சாரம். இச்சிந்தனையின் வழியில் 1992இல் டில்லியில் 'டவுன் டு ஏர்த்' தோன்றியது. அதனோடு தொடர்புடைய அறிவியல், சுற்றாடல் நிலையம் 2003இல் மென்பானங்களிற் பூச்சிநாசினி எச்சங்கள் இருப்பதனை ஆய்வுகூடச் சோதனைகளுடன் வெளிப்படுத்தியது. 2004இல் இந்தியப் பாராளுமன்றக் குழுவும் அக்கண்டறிதலை ஏற்றது. மென்பானத்தை அருந்தாதே என்ற அறிவுரையோடு அமையாமல், நீரின் தூய்மைக்குச் சட்டம் எங்கே என்று கேட்டமையே இம்மரபின் தனித்தன்மை.

இலங்கையில் 1936 முதல் வெளிவந்த 'லோரிஸ்' வனவிலங்குப் பாதுகாப்புத் துறையில் அரும்பணி ஆற்றியுள்ளது. எனினும் அது ஆங்கில இதழ். அதனை வெளியிட்ட சங்கமோ 1894இல் வேட்டையாடுவோரின் அக்கறையிலிருந்து பிறந்தது. தமிழகத்தில் 2007இல் தொடங்கிய 'பசுமை விகடன்' இயற்கை வேளாண்மையைப் பொதுவாசகரிடம் தமிழிலே கொண்டுசென்றது. ஆயினும் வேறு மண்ணுக்கென எழுதப்பட்டதை அப்படியே ஏற்பதில் இடர் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மீது அமைந்தது. அங்கே வற்றாத ஆறு இல்லை, கிணறே உயிர்நாடி. வயலில் மிகையாக இடும் பசளையும் மலக்குழியின் கசிவும் கல்லின் வெடிப்புகளூடாக நிலத்தடி நீரை அடைந்து நைத்திரேற்றைப் பெருக்குகின்றன. பூவரசங் குழையையும் பனையோலையையும் மண்ணிலே தாழ்த்தி, மாட்டுப்பட்டி அடைத்து வளமூட்டிய பழைய கமக்காரரின் முறைகள் பென்சில்வேனியாவின் இதழில் இடம்பெறுவன அல்ல. தன் வாசகனின் கிணற்றைப் பற்றிப் பேசாத சஞ்சிகை, எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருப்பினும், அவனுக்கு அயலூர்ச் செய்தியே.

இத்தெரிவு வெறும் வாசிப்பு விருப்பம் அன்று என்பதனை 2021ஆம் ஆண்டு இலங்கைக்கு உணர்த்திற்று. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நாடு முழுவதும் சேதன விவசாயத்துக்கு மாற வேண்டுமெனப் பணிக்கப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது காலம் கடந்திருந்தது. 2021/22 பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. கமக்காரர் தெருவில் இறங்கினர். சேதனப் பசளை என்ற கருத்துத் தவறானதன்று. ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு மூன்று மாதத்தில் எருவாக்கலாம் என்ற உண்மையை, ஒரு நாட்டின் வயல்களுக்கெல்லாம் ஒரு போகத்தில் எருவாக்கலாம் என்று விரித்ததே தவறு. அத்தனை சாணமும் குழையும் எங்கிருந்து வரும், யார் சுமப்பார், மாறுங் காலத்தில் கமக்காரனின் இழப்பை யார் ஏற்பார் என்ற வினாக்களுக்குத் தோட்ட இதழின் பக்கங்களில் விடை இல்லை. ஹோவார்ட் கமக்காரரிடமிருந்து கற்றார். 2021இன் கட்டளையோ கமக்காரரைக் கேளாமலே பிறந்தது.

எனவே, பசுமை வாழ்வு பற்றிய சஞ்சிகையைத் தெரிவு செய்வோர்க்கு வரலாறு மூன்று உரைகற்களைத் தருகின்றது. இதழின் செலவைத் தாங்குபவர் வாசகரா, விளம்பரதாரரா என்பது முதலாவது. அது எந்த மண்ணில், எந்த நீரில் நின்று பேசுகின்றது என்பது இரண்டாவது. வீட்டுக்குள் செய்ய வேண்டியதைக் கூறும்போதே, வீட்டுக்கு வெளியே நிகழும் கேட்டுக்கு யார் பொறுப்பு என்றும் கேட்கின்றதா என்பது மூன்றாவது. மூன்றிலும் முழுமையாகத் தேறும் இதழ் அரிதே. ஆயினும் இவ்வினாக்களோடு வாசிப்பவன் குறையுள்ள இதழிலிருந்தும் நன்மை பெறுவான். இவையின்றி வாசிப்பவன் நல்ல இதழையும் அலங்காரமாகவே கொள்வான். கூட்டெருக் கும்பியைப் புரட்டக் கற்பிக்கும் பக்கமும் வேண்டும். அக்கும்பி யாருடைய நிலத்தில் இடப்படுகின்றது எனக் கேட்கும் பக்கமும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கிய சஞ்சிகையே இந்நாட்டுத் தமிழ் வாசகனின் தேவையாகும்.