லூக்காவின் ஊசி

போன வருஷம் ஜூலை 1, மருத்துவர் தினத்தன்று நான் போட்ட பதிவு ஒண்ணை நிறைய பேர் பகிர்ந்தீங்க. அதைத் திருத்தணும். திருத்தம் என்னவோ ரெண்டு வரிதான். ஆனா அந்த ரெண்டு வரிக்குப் பின்னாடி நம்ம தரங்கம்பாடி இருக்கு, முந்நூறு வருஷக் கதை இருக்கு. நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

அன்னைக்கு நான் எழுதினது இதுதான். சுவிசேஷம் எழுதிய லூக்கா ஒரு வைத்தியர் என்பது மரபு. ஒட்டகமும் ஊசிக்காதும் வரும் அந்தப் பிரபலமான உவமையை மத்தேயு, மாற்கு, லூக்கா மூணு பேருமே எழுதியிருக்காங்க. மற்ற ரெண்டு பேரும் தையல் ஊசியைக் குறிக்கும் 'ராஃபிஸ்' என்ற கிரேக்கச் சொல்லைப் போட, லூக்கா மட்டும் அறுவை சிகிச்சை ஊசியைக் குறிக்கும் 'பெலொனே'யைப் போட்டிருக்கார். "பார்த்தீங்களா, டாக்டர் புத்தி எங்கே போகும்" என்று முடித்திருந்தேன்.

போன மாசம் க்ளினிக்குக்கு ஒரு பெரியவர் வந்தார். பொறையார் பக்கம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சுகர் ரிப்போர்ட் பார்த்து, மாத்திரை எழுதி முடிச்ச பிறகும் எழுந்திருக்கல.

"டாக்டர் தம்பி, உங்க ஊசிக் கதையை எங்க சபை வாலிபர் கூட்டத்துல சொன்னேன். காலேஜ் படிக்கிற பொண்ணு ஒருத்தி போனை எடுத்துக் காட்டி, 'தாத்தா, லூக்காவிலயும் ராஃபிஸ்தான் போட்டிருக்கு'ன்னுட்டா. அத்தனை பேர் முன்னாடி. நாப்பது வருஷம் வகுப்பெடுத்தவன், பதில் சொல்ல முடியாம நின்னேன்."

அவள் எந்த ஆப் பார்த்தாள் என்று கேட்டு, நானும் ராத்திரி அதையே இறக்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அதில் லூக்கா 18:25-ல் ராஃபிஸ். என்னிடமிருந்த இன்னொரு கிரேக்கப் பதிப்பில் அதே வசனத்தில் பெலொனே. ரெண்டுமே கிரேக்க மூலம்தான். ரெண்டையும் தயாரிச்சவங்க அறிஞர்கள்தான். அப்போ எது மூலம்?

லேப் ரிப்போர்ட்டை வெச்சு யோசிங்க. ஒரு லேப்ல நார்மல், இன்னொரு லேப்ல அப்நார்மல். உடனே யாரோ பொய் சொல்றாங்கன்னு நினைக்க மாட்டோம். எந்த மெஷின், எந்த கிட், எதை வெச்சு நார்மல் அளவை முடிவு பண்ணாங்கன்னு கேட்போம். வேத ஆராய்ச்சிக் கருவிகளுக்கும் அதே கேள்விதான்.

அந்த ஆப்புக்கு அடியில் இருப்பது ஸ்ட்ராங் எண்கள். ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1890-ல் வெளியிட்ட கன்கார்டன்ஸ். ஆங்கில பைபிளில் ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருதுன்னு காட்டும் சொல்லடைவு. அந்தச் சொல்லுக்குப் பின்னாடி உள்ள கிரேக்கச் சொல்லுக்கு ஒரு எண். மொத்தம் 5,624 கிரேக்க எண்கள். கிரேக்க எழுத்தே தெரியாதவனும் எண்ணைப் பிடிச்சுக்கிட்டு மூலச்சொல் வரைக்கும் போயிடலாம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல இதைக் கையால் தொகுத்ததை நினைச்சா தலை சுத்துது.

ஆனா அவர் தொகுத்தது 1611-ன் ஆங்கில பைபிளுக்கு. அதன் பின்னால் இருந்த கிரேக்கப் பாடம் 16-ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ், ஸ்தெபானுஸ் அச்சிட்ட வகை. 'ஏற்றுக்கொள்ளப்பட்ட பாடம்' என்பார்கள். அதில் லூக்காவிலும் ராஃபிஸ்தான். அதனால ஸ்ட்ராங்கின் 5,624 எண்களில் பெலொனேவுக்கு எண்ணே கிடையாது! பின்னால் வந்தவர்கள் 955-க்கும் 956-க்கும் நடுவே 955அ என்று ஒரு இடம் செருகினார்கள், பஸ்ல மூணு பேர் சீட்டுல நாலாவது ஆள் உட்கார்ற மாதிரி.

பெலொனே எங்கிருந்து வந்தது? சினாய் மடத்தில் திஷெண்டார்ஃப் கண்ட கைப்பிரதி, வத்திக்கான் நூலகத்துக் கைப்பிரதி. ரெண்டுமே 4-ஆம் நூற்றாண்டு. அவற்றில் லூக்காவில் இருப்பது பெலொனே. பின்னாளில் பிரதி எடுத்தவர்கள் மற்ற ரெண்டு சுவிசேஷங்களோடு ஒத்துப்போக ராஃபிஸ் என்று மாற்றியிருக்கலாம் என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. 1881-க்குப் பிறகு வந்த ஆய்வுப் பதிப்புகள் பெலொனேயைத்தான் அச்சிடுகின்றன.

பெரியவரைத் திரும்ப வரச்சொல்லி இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தவர் ஒரு கேள்வி கேட்டார் பாருங்க, அதுதான் இந்த இழைக்கே காரணம்.

"அப்போ, நம்ம தரங்கம்பாடியில முதமுதல்ல கிரேக்கத்துலேருந்து தமிழுக்குக் கொண்டு வந்தாரே சீகன்பால்கு, அவர் கையில இருந்தது எந்த ஊசி?"

தரங்கம்பாடி தெரியும்தானே? 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்குக் கொடுத்த கடற்கரை. அங்கே 1706 ஜூலை 9-ல் வந்து இறங்கியவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மானியர். மறுநாள்தான் அவருக்கு 24 வயது.

ஐரோப்பாவில் அப்போது கிரேக்கம் படிக்கக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. அச்சிட்ட பதிப்புகள், லத்தீன் விளக்கத்தோடு அகராதிகள், இலக்கணங்கள் எல்லாம் உண்டு. 1707-ல் ஆக்ஸ்போர்டில் ஜான் மில் வெளியிட்ட பதிப்பு, கைப்பிரதிகளுக்கிடையே சுமார் 30,000 பாட வேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டி எல்லாரையும் திடுக்கிட வெச்சது. ஆனா மில்லும் மேலே அச்சிட்டது பழைய பாடத்தைத்தான். சீகன்பால்கு காலத்தில் அச்சில் கிடைத்த எந்தக் கிரேக்கப் பதிப்பும் அடிப்படையில் அதே குடும்பம். ஆக, பெரியவர் கேள்விக்குப் பதில்: அவர் கண்ணில் பட்டது ராஃபிஸாகத்தான் இருந்திருக்கணும்.

அவருக்குப் பஞ்சம் வேறு பக்கம். கிரேக்கச் சொல்லின் பொருள் தெரியும். அதுக்குத் தமிழ்ல என்ன? அதைச் சொல்ல ஒரு அகராதி இல்லை. நம்மிடம் நிகண்டுகள் இருந்தன. ஆனா அவை செய்யுளில், மனப்பாடம் பண்ண. தேவர் பெயர், மக்கள் பெயர், மரப்பெயர் என்று வகைவகையாகப் போகும். வெளியூர்க்காரன் ஒரு சொல்லைக் கேட்டுட்டு வந்து அதில் தேடவே முடியாது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் அகர வரிசையில் சதுரகராதி தந்தது 1732-ல். சீகன்பால்கு இறந்து 13 வருஷம் கழிச்சு.

அதனால மனுஷன் தானே கருவி செய்ய உட்கார்ந்தார். ஒரு வயதான திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதிப் பழகினார். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஓலைச்சுவடி வாசிப்பு. பக்கத்தில் ஒரு முதிய புலவர், ஒரு எழுத்தர். புரியாத சொல் வந்தால் புலவர் விளக்குவார், எழுத்தர் எழுதிக்கொள்வார். ரெண்டே வருஷத்தில் 20,000 சொல் சேர்த்ததாகக் கடிதத்தில் எழுதுகிறார். செய்யுள் சொற்களுக்குத் தனியாக 17,000.

இங்கே நான் கொஞ்சம் நிக்கணும். இந்தத் தொகுப்பு 'சீகன்பால்கு அகராதி' என்றுதான் பேசப்படுது. அந்த நாலு மணி நேரமும் பக்கத்துல உட்கார்ந்திருந்த புலவர் இல்லாம அதுல ஒரு சொல் கூட ஏறியிருக்காது. யோசிச்சுப் பாருங்க, பொருள் சொன்னது அவர்.

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். ஒரே மாசம். நவம்பரில் டேனிஷ் கமாண்டர் அவரை டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைச்சுட்டார். நாலு மாசம். பேனா, மை மறுக்கப்பட்டது. வெளியே வந்து தொடர்ந்து, 1711 மார்ச்சில் முடித்தார். 1714-ல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-ல் முழுப் புதிய ஏற்பாடும் அச்சாயின. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெருசு, காகிதமோ குறைவு. சின்ன எழுத்து இங்கேயே வார்த்தார்கள். பெரியவரின் ஊரான பொறையாரில் காகித ஆலையே போட்டார்கள்.

அந்தத் தமிழ் எப்படி? சுமார்தான். வீரமாமுனிவர் அதைக் கடுமையாகக் கிண்டல் பண்ணினார். கிண்டலில் நியாயமும் உண்டு. அடுத்த தலைமுறையில் பப்ரிசியுஸ் வந்து, திரும்பக் கிரேக்கத்தைப் பார்த்து, 1772-ல் வேறு மொழிபெயர்ப்பு தந்தார். லுத்தரன் சபைகள் நெடுங்காலம் விடாமல் வைத்திருந்த மொழிபெயர்ப்பு அது. அவரும் அகராதி போட்டார், 1779-ல், வேப்பேரியில், சுமார் 9,000 சொல். அது தரங்கம்பாடி மிஷன் அச்சில் விரிந்து விரிந்து, நாலாம் பதிப்பு 1972-ல் வந்தது. இன்னைக்கும் இணையத்தில் தேடலாம். பப்ரிசியுஸும் கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். அகராதிக்காரர்களுக்கும் ஜெயிலுக்கும் அப்படி என்ன ராசியோ.

ஒரு சொல் மாறினால் என்ன ஆயிடும்னு நினைக்காதீங்க. கிரேக்கத்தில் 'தெயோஸ்' ஒரே சொல். தமிழில் சீகன்பால்குவுக்கு சருவேசுரன், பப்ரிசியுஸுக்கு பராபரன், 1871-ன் பொது மொழிபெயர்ப்புக்கு தேவன், 1995-ன் திருவிவிலியத்துக்கு கடவுள். இந்த மாற்றங்கள் சும்மா நடக்கல. பப்ரிசியுஸின் சொற்களை மாற்றக் கூடாதுன்னு 1820-களில் தஞ்சாவூரில் மல்லுக்கு நின்னவர் வேதநாயகம் சாஸ்திரியார், சரபோஜி மன்னரின் அவைக் கவிஞர்.

சரி, ஊசிக்கு வருவோம். லூக்கா எழுதினது பெலொனேதான்னு வெச்சுக்குவோம். அப்போ நான் ஜெயிச்சேனா? இல்லீங்க. அதான் திருத்தத்தோட ரெண்டாம் பாதி.

லூக்காவின் சொற்களில் மருத்துவ வாடை இருக்குன்னு 1882-ல் டப்ளினிலிருந்து ஹோபார்ட் என்பவர் தடியான புத்தகம் போட்டார். ஹிப்போகிரட்டீஸ், கேலன் நூல்களில் வரும் சொற்கள் லூக்காவிலும் வருதுன்னு பட்டியல் பட்டியலா. அதில் நம்ம ஊசியும் உண்டு. என் பழைய பதிவுக்கு மூலம், நாலு கை மாறி வந்த இந்தப் புத்தகம்தான்.

1920 வாக்கில் ஹென்றி கேட்பரி என்ற அமெரிக்கர் எளிமையான ஒரு காரியம் செய்தார். கன்ட்ரோல் குரூப் சேர்த்தார். அதே சொற்களை மருத்துவர் அல்லாத ஜொசிஃபஸ், புளூடார்க், லூசியன் எழுத்துகளிலும், பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் தேடினார். பெரும்பாலானவை அங்கேயும் இருந்தன. படிச்ச கிரேக்கர்களின் பொதுச் சொத்து. அதோடு விடல. 1933-ல் குதிரை வைத்தியர் நூல்களோடும் லூக்கா ஒத்துப்போறார்னு காட்டி ஒரு கட்டுரை எழுதினார். லூக்காவின் டாக்டர் பட்டத்தைப் பறிச்சுத்தான் கேட்பரி தன் டாக்டர் பட்டத்தை வாங்கினார்னு ஒரு ஜோக் உண்டு. லூக்கா வைத்தியர் இல்லைன்னு கேட்பரி நிரூபிக்கல. சொற்களை வெச்சு வைத்தியர்னு நிரூபிக்க முடியாதுன்னுதான் காட்டினார்.

இதில் எனக்குத்தான் பெரிய அடி. 'தையல் ஊசி'ன்னு நான் ஒதுக்கின ராஃபிஸ் எந்த வேர்ல இருந்து வருது தெரியுமா? தைப்பது என்ற வேர். ஹெர்னியோராஃபி, டெனோராஃபின்னு தியேட்டர்ல தினமும் சொல்றோமே, அதே ராஃபி. பெலொனேயின் உறவு அம்பு. அது நம்மகிட்ட மிஞ்சியிருப்பது பெலொனோஃபோபியாவில், ஊசியைப் பார்த்தா மயங்கி விழும் பயம். எம்பிபிஎஸ்-ல படிச்ச சொல்லே கண்ணுல படல பாருங்க.

இன்னொண்ணு, சும்மா சொல்லி வைக்கிறேன். கிரேக்கத்தில் ஊசிக்கு 'துளை'. ஆங்கிலத்தில் 'கண்'. தமிழில் 'காது'. ஜெர்மனிலும் ஊசிக்குக் காதுதான். சீகன்பால்குவுக்கு இந்த இடத்தில் மட்டும் புலவரைக் கேட்க வேண்டிய அவசியம் வந்திருக்காதுன்னு என் ஊகம்.

ஆக, திருத்தம்: லூக்கா 18:25-ல் பெலொனே என்பது பழைய கைப்பிரதிகளின் பாடம், எல்லாப் பதிப்பிலும் இல்லை. அந்தச் சொல்லை வெச்சு லூக்காவின் தொழிலை முடிவு பண்ண முடியாது. பழைய பதிவை நீக்கல, அதுக்குக் கீழே இந்த இழையை இணைச்சிருக்கேன்.

பெரியவரிடம் எல்லாம் சொல்லி முடிச்சு, "ஐயா, அந்தப் பொண்ணுகிட்ட நான் தப்புன்னு சொல்லிடுங்க" என்றேன்.

"நான் ஏன் சொல்லணும்? அடுத்த கூட்டத்துல அவளையே நின்னு பேசச் சொல்லியிருக்கேன். உங்களுக்கு வசதிப்பட்டா வாங்க, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நாலரைக்கு."

போறேன்.