‘எச்.பி. குறைவு’ என்ற ஒற்றைச் சொல் மறைப்பது என்ன?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57% பேருக்கு ரத்தசோகை. தலித், பழங்குடிப் பெண்களிடம் இது இன்னும் அதிகம். இந்தக் கணக்கு ஹீமோகுளோபின் என்ற ஒரே எண்ணை வைத்துப் போடப்பட்டது. ரத்தம் குறைவு என்று அந்த எண் சொல்லும், ஏன் குறைவு என்று சொல்லாது. 1970 முதல் அரசு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து வருகிறது. மாத்திரை தின்றும் எச்.பி. ஏறாத பெண்ணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு திட்டுதான்: “நீ ஒழுங்கா போட்டிருக்க மாட்டே.” அவர்களில் சிலர் தலசீமியா கடத்திகளாக இருக்கக்கூடும். இந்த இரண்டையும் பிரித்தறிய மருத்துவம் கற்ற வரலாற்றை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

1925இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மருத்துவர் தாமஸ் கூலி, கடும் ரத்தசோகையும் வீங்கிய மண்ணீரலும் கொண்ட குழந்தைகளைப் பற்றி எழுதினார். அப்போது அறியப்பட்ட குழந்தைகள் பலர் இத்தாலி, கிரேக்கக் குடியேறிகளின் பிள்ளைகள். 1932இல் கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘தலசீமியா’ என்ற பெயர் பிறந்தது. ஒரு நோய் ஒரு கடலோரத்து மக்களின் அடையாளமாகிவிட்டது.

1940களில் இத்தாலியின் சில்வெஸ்ட்ரோனி, ஐடா பியாங்கோ இணையர் நோயாளிகளை விட்டு நலமாக இருந்தவர்களைப் பரிசோதித்தார்கள். பலருக்குச் சிவப்பணுக்கள் சிறியவை, ஆனால் நோய் இல்லை. அவர்களே கடத்திகள். தாய், தந்தை இருவரும் கடத்திகளானால் ஒவ்வொரு பேறிலும் குழந்தைக்குக் கடும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு.

இங்கேதான் சிக்கல். இரும்புச்சத்து குறைந்தாலும் சிவப்பணு சிறுத்துவிடும். 1955இல் ஹீமோகுளோபின் ஏ2 கண்டறியப்பட்டது. பீட்டா தலசீமியா கடத்திகளிடம் அது கூடுதல், பொதுவாக 3.5%க்கு மேல், என்பது பின்னர் உறுதியானது. 1973இல் மென்ட்சர் என்ற மருத்துவர் எளிய கணக்கு ஒன்றைத் தந்தார்: சிவப்பணுவின் சராசரி அளவை (எம்.சி.வி.) மில்லியனில் சொல்லப்படும் சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அளவு 62, எண்ணிக்கை 5.6 என்றால் விடை 11. 13க்குக் கீழே என்பதால் கடத்தியாக இருக்கலாம். அளவு 68, எண்ணிக்கை 4 என்றால் 17. இது இரும்புக் குறைவின் பக்கம். காரணம் எளிது: இரும்பு இல்லாத உடல் அணுக்களைக் குறைவாகவே உருவாக்கும். கடத்தியின் உடலோ சிறிய அணுக்களை நிறைய உருவாக்கும்.

இந்தக் கணக்கு ஒரு சுட்டுவிரல் மட்டுமே, தீர்ப்பு அல்ல. உடலின் இரும்புச் சேமிப்பை ஃபெரிட்டின் பரிசோதனை காட்டும். ஆனால் காய்ச்சலோ தொற்றோ இருந்தால் அது உயர்ந்து ஏமாற்றும். இரும்புக் குறைவு ஏ2 அளவைத் தாழ்த்திக் கடத்தியை மறைத்துவிடலாம். ஆல்ஃபா வகைக் கடத்தியிடம் ஏ2 உயராது. அதை உறுதிசெய்ய மரபணுப் பரிசோதனை வேண்டும். ஒரே பெண்ணுக்கு இரண்டும் இருக்கலாம். எனவே பரிசோதிக்காமல் மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் தவறு.

தோழர்களே, இதில் சாதி எங்கே வருகிறது? சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் நிறுவினார். அகமணம் மரபணுக்களையும் வேலிக்குள் அடைக்கிறது. சிந்தி, லோகானா, பஞ்சாபி கத்ரி போன்ற வணிகச் சமூகங்களில் பீட்டா தலசீமியா கடத்திகள் அதிகம். ‘தாழ்ந்த ரத்தம்’ என்ற பொய்க்கு இங்கே இடமே இல்லை. மலேரியா பரவிய நிலங்களில் கடத்திகளுக்குக் கிடைத்த பாதுகாப்பே இந்த மரபணு தங்கியதற்குக் காரணம்.

நமக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. பசியை ‘பரம்பரை’ என்று சொல்லி அரசு கைகழுவுவது ஒன்று. பரம்பரையை ‘பொறுப்பின்மை’ என்று சொல்லிப் பெண்ணைத் திட்டுவது மற்றொன்று. இரண்டுக்கும் இடம் கொடுப்பது பரிசோதனை மறுக்கப்படுவதுதான். அடுத்த முறை உங்கள் ஊர் முகாமில் எச்.பி. மட்டும் பார்த்து அனுப்பினால், முழு ரத்த அணுப் பரிசோதனையைக் கேளுங்கள். மாத்திரை தின்றும் ஏறாதவருக்கு ஃபெரிட்டினும் ஏ2 பரிசோதனையும் கேளுங்கள். முடிவு வந்தபின் அதை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்தே கேளுங்கள். கடத்தி என்ற சொல் இன்னொரு தீட்டாக மாறிவிடக் கூடாது.