கிழவன் என்றால் உரியவன்



ஒக்டோபர் 1 சர்வதேச முதியோர் தினம். ஐ.நா. பொதுச்சபை 1990 டிசம்பர் 14இல் தீர்மானித்த நாள். அன்று நமது பாடசாலைகளிலும் கூட்டம் வைப்போம், பெனர் கட்டுவோம். அந்த பெனரில் எந்தச் சொல்லை எழுதுவது? சொற்களின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

தொல்காப்பியம் காதல் தலைவனைக் கிழவன் என்றும் தலைவியைக் கிழத்தி என்றும் சொல்கிறது. அவர்கள் இளையவர்கள். கிழமை என்றால் உரிமை. கிழவன் என்றால் உரியவன். காணிக்காரரை நிலக்கிழார் என்றதும் இதனால்தான். நமது வெள்ளிக்கிழமைக்குள்ளும் அதே சொல்தான் இருக்கிறது. காலம் போகப்போக, சொல்லிலிருந்து உரிமை கழன்று வயது மட்டும் மிஞ்சியது. "கிழடு" என்னும்போது ஆளையே அஃறிணையாக்கி விடுகிறோம்.

அரபியில் நடந்தது வேறு. "ஷெய்க்" என்பதும் முதியவரைக் குறிக்கும் சொல்தான். இன்று மத்ரஸாவில் பட்டம் பெற்று வரும் இளம் மௌலவியையும் "அஷ்ஷெய்க்" என்று கண்ணியப்படுத்துகிறோம்.

"வயோதிபர்" என்றால் வயதால் கூடியவர். சொல்லில் குற்றமில்லை; ஆனால் "வயோதிபர் மடம்" என்று கேட்டுக் கேட்டு, கைவிடப்பட்டவர் என்ற வாடை அதில் ஏறிவிட்டது. வங்கிகள் எழுதும் "சிரேஷ்ட பிரஜை"யில் சிரேஷ்ட என்றால் சிறந்த. சிங்களத்தில் இதற்கு வழங்கும் "ஜ்யேஷ்ட" என்ற சொல்லுக்கோ வயதில் மூத்த என்று பொருள். சரியானது அதுதான்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் 60 வயதைக் கடந்தோரை "முதியோர்" என்கிறது. பொதுவில் எழுதுவதற்கு இதுவே நேரான சொல் என்பது எங்கள் கருத்து. நேரில் பேசும்போது "மூத்தம்மா", "காக்கா" என்ற உறவுமுறை நமக்குப் போதும். ஆனால் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரை அலுவலகத்தில் "அப்பா" என்றால் அவர் விரும்புவாரா? "சேர்" என்பதுதான் அவருக்குப் பழகியது. அவரவர் விரும்புவதைக் கேட்டு அழைப்பதே மரியாதை.

அந்தச் சட்டத்தின் பெயரிலேயே "உரிமைகள்" இருக்கிறது. பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்று பிள்ளைகளுக்கும் அது சொல்கிறது. நமது கரையோர ஊர்களில் வீட்டைக் கட்டி மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பது வழக்கம். எழுதிக் கொடுத்த உம்மா வாப்பாவிடமிருந்தும், அந்தச் சொல்லைப் போலவே, உரிமை கழன்று வயது மட்டும் மிஞ்சிவிடக் கூடாது. வீட்டில் ஒரு முடிவெடுக்க முன்னர் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்போம். பெனரை அதற்குப் பிறகு கட்டலாம்.