பொட்டலத்தில் வந்த செட்டிநாடு

காரைக்குடியில் எனக்கு வேண்டிய ஓர் ஆச்சியின் வீட்டுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். முகப்பைத் தாண்டி வளவுக்குள் கால் வைத்ததுமே கோழிக் குழம்பின் வாசனை என்னை எதிர்கொண்டு அழைத்தது.

"ஆகா! பரம்பரை பரம்பரையாக வந்த மணமல்லவா இது!" என்று புகழ ஆரம்பித்தேன்.

ஆச்சி உள்ளே போய், வாய் கத்தரித்த மசாலாப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"பரம்பரையும் இல்லை, ஒண்ணும் இல்லை தம்பி. போன வாரம் மளிகைக் கடையிலே வாங்கினது" என்றார்.

எனக்குப் பெருத்த ஏமாற்றம். ஆனால் பொட்டலத்தின் முதுகில் அச்சிட்டிருந்த பெயர்களைப் படித்தபோது வேறோர் எண்ணம் தோன்றியது. இவற்றில் எத்தனை சரக்கு செட்டிநாட்டு மண்ணில் பிறந்தது?

முதலில் மிளகாய். 1492-ல் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளில் போய் இறங்கும் வரையில் நம் நாட்டில் ஒருவரும் அதைக் கண்டதில்லை. 1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து மிளகுக்காக வந்த போர்த்துக்கீசியர், பதினாறாம் நூற்றாண்டில் மிளகாயை இங்கே விட்டுச் சென்றார்கள். நம்மவர்களோ மிளகைப் போல் உறைக்கும் காய் என்று பெயரிட்டு, அந்நியனை உறவுக்காரனாக்கிவிட்டார்கள். பல வீடுகளில் திவசச் சமையல் மட்டும் பழைய கணக்கை மறக்கவில்லை. அன்று மிளகாய்க்கு இடமில்லை, மிளகுதான். வந்த காய் இந்த வறண்ட சீமையில் நன்றாகவே வேரூன்றியது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது!

மற்றவையும் அப்படித்தான். கிராம்பின் தாயகம் மொலுக்காத் தீவுகள். பட்டை இலங்கைச் சரக்கு. அன்னாசிப்பூ தென் சீனத்திலும் வியட்நாமிலும் விளைவது. நகரத்தார்களும் கடல் கடந்தவர்கள்தாமே? 1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமான பிறகு ரங்கூனிலும் மோல்மேனிலும் அவர்களுடைய லேவாதேவிக் கடைகள் பெருகின. மலாயாவிலும் சைகோனிலும் பெட்டியடி போட்டார்கள். கடையை நடத்தும் ஏஜெண்டுக்கு வழக்கமாக மூன்று வருஷத் தவணை. 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்ததும் அந்த வாழ்வு சரிந்தது.

ஆண்கள் கணக்கைப் பேரேட்டில் எழுதினார்கள். வீட்டைக் கட்டிக் காத்த பெண்கள் தங்கள் கணக்கை எங்கும் எழுதவில்லை. எத்தனை மிளகாய்க்கு எவ்வளவு சோம்பு, கல்பாசியை எந்தப் பதத்தில் எடுப்பது என்பதெல்லாம் கைக்குள்ளேயே இருந்தது. வீட்டுக்கு வீடு கை வேறு; ருசியும் வேறு.

பொட்டலம் புகுந்தது இங்கேதான். அதற்கும் மிளகாயின் சொந்தக் கண்டத்தில் ஒரு முன்னோடி உண்டு. டெக்ஸாஸில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் 1890-களில் மிளகாய்ப் பொடியைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார். 'சில்லி' என்னும் அந்த வட்டாரத்து இறைச்சிக் குழம்பை எந்த வீட்டிலும் எந்த மாதத்திலும் வைக்க வழி பிறந்தது. நம் பக்கத்தில் 1975-ல் ஈரோட்டில் சக்தி மசாலாவும், 1995-ல் சென்னையில் ஆச்சி மசாலாவும் தோன்றின. செட்டிநாட்டில் பெண்களை மரியாதையாக அழைக்கும் அதே சொல் பொட்டலத்தின் மேலும் ஏறிவிட்டது!

இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உரலில் மிளகாய் இடிக்கும்போது வரும் தும்மலும் கண்ணெரிச்சலும் சாப்பிட உட்காருகிறவனுக்கா தெரியும்?

"ஆனாலும் ஆச்சி, பொட்டலத்துக்கா இவ்வளவு மணம்?" என்று கேட்டேன்.

"பொடித்து நாளானால் வாசனை பறந்துடும் தம்பி. அதனாலே கொஞ்சம் மிளகு, சோம்பு, கல்பாசி வறுத்து அம்மியிலே நுணுக்கி, இறக்கும்போது போடுவேன்."

நான் அவசரமாகப் பேனாவை எடுத்தேன். "எவ்வளவு என்று சொல்லுங்கள்."

"எவ்வளவா? கையை நீட்டுங்க."

நீட்டினேன். டப்பாவிலிருந்து சோம்பை அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். அவர் கையை நிறைத்தது என் கையில் பாதிதான் இருந்தது. எந்தக் கையை அளவாகக் கொள்வது? வெளியூரில் இருக்கும் மருமகள் அளவு கேட்டதுண்டா என்று விசாரித்தேன்.

"அவளுக்கு எதுக்குத் தம்பி? அவள் ஊரிலேயும் பொட்டலம் கிடைக்குதே!" என்றார் ஆச்சி.

என் குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பக்கம் இன்னும் காலியாகவே இருக்கிறது.