ஓப்பன்குவேக்

ஓப்பன்குவேக் என்பது நிலநடுக்க இடரையும் அதனால் விளையக்கூடிய இழப்பையும் கணிப்பதற்கான கட்டற்ற, திறமூல மென்பொருள் ஆகும். இத்தாலியின் பவியா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட உலக நிலநடுக்க மாதிரி அறக்கட்டளை (சுருக்கமாக கெம்) இதனை உருவாக்கிப் பேணி வருகிறது. இது பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்டு, அஃபெரோ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வெளியிடப்படுகிறது.

நிலநடுக்கம் எந்நாளில் நிகழும் என்பதை இம்மென்பொருள் முன்னறிவிப்பதில்லை. குறிப்பிட்ட ஓரிடத்தில், குறிப்பிட்ட காலத்துக்குள், குறிப்பிட்ட அளவைத் தாண்டி நிலம் அதிர்வதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதையே இது கணிக்கிறது. நிலநடுக்கங்கள் மிகுந்த சப்பான், இமயமலை போன்ற பகுதிகளில் இக்கணிப்புக்குத் தேவையான தரவுகள் ஓரளவு கிடைக்கின்றன. விருதுநகர் மாவட்டத்திலுள்ள இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற, நிலநடுக்கப் பதிவுகள் அரிதான ஊர்களுக்கு இதே கணிப்பு எவ்வாறு செய்யப்படுகிறது என்பது கீழே எடுத்துக்காட்டாக விளக்கப்படுகிறது.

வரலாறு

நிகழ்தகவு முறையில் நிலநடுக்க இடரைக் கணிக்கும் வழியை 1968ஆம் ஆண்டில் ஆலின் கார்னெல் என்ற அமெரிக்கப் பொறியாளர் முன்வைத்தார். 1976இல் ராபின் மெக்குவயர் இதற்கென ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய நிரல் பரவலாகப் பயன்பட்டது. அதன்பின் பல ஆய்வு நிறுவனங்களும் தத்தமக்கெனத் தனி நிரல்களை எழுதிக்கொண்டன. இடர் வரைபடங்கள் அச்சில் வெளிவந்தன; அவற்றைத் தந்த நிரல்கள் பெரும்பாலும் வெளிவரவில்லை. ஒரே ஊருக்கு இரு ஆய்வுகள் இருவேறு எண்களைத் தரும்போது, வேறுபாடு தரவிலிருந்து வந்ததா, அனுமானத்திலிருந்து வந்ததா, நிரற்பிழையிலிருந்து வந்ததா எனப் பிறர் சரிபார்க்க வழியில்லாமல் இருந்தது.

2003இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சாவா மொழியில் ஓப்பன்ஷா என்ற திறமூலத் தொகுப்பை அறிமுகப்படுத்தினர். 2009இல் கெம் தொடங்கப்பட்டபோது அதன் முதற்கட்டப் பணிகள் ஓப்பன்ஷாவைக் கொண்டே நடைபெற்றன. பின்னர் கணிப்புப் பகுதி முழுவதும் பைத்தானில் புதிதாக எழுதப்பட்டது. மென்பொருளை விளக்கும் ஆய்வுக்கட்டுரைகள் 2014இல் வெளியாயின. உலகின் பல்வேறு பகுதிகளுக்கான மாதிரிகளை இணைத்து 2018 டிசம்பரில் கெம் வெளியிட்ட உலக நிலநடுக்க இடர் வரைபடம் இம்மென்பொருளின் மூலமே கணிக்கப்பட்டது. அதன் திருத்திய பதிப்பு 2023இல் வெளிவந்தது.

செயற்படும் முறை

பயனர் மூன்று வகை உள்ளீடுகளைத் தருதல் வேண்டும். முதலாவது, நிலநடுக்கங்கள் எங்கெங்கே, எவ்வளவு அடிக்கடி, எந்த அளவுவரை தோன்றலாம் எனக் கூறும் தோற்றுவாய் மாதிரி. இரண்டாவது, தோன்றிய அதிர்வு தொலைவுக்கேற்ப எவ்வாறு தணிந்து வந்து சேரும் எனக் கூறும் நில அதிர்வுச் சமன்பாடுகள். மூன்றாவது, கணிக்க வேண்டிய இடத்தின் ஆயத்தொலைவுகளும் மண்ணின் தன்மையும். மண்ணின் தன்மை, மேல் 30 மீட்டர் ஆழத்துக்குள் குறுக்கலைகள் செல்லும் சராசரி வேகத்தால் குறிக்கப்படுகிறது. வேகம் குறைந்த மென்மண் பொதுவாக அதிர்வைப் பெருக்கும்.

இவற்றுள் எதுவும் ஐயமறத் தெரிந்தது அன்று. ஆகவே மாற்றுக் கருத்துகள் யாவும் ஒரு தருக்க மரத்தின் கிளைகளாக அமைக்கப்பட்டு, ஒவ்வொரு கிளைக்கும் ஓர் எடை தரப்படுகிறது. மென்பொருள் எல்லாக் கிளைகளையும் தனித்தனியே கணித்து, சராசரியையும் அதைச் சுற்றியுள்ள விரிவையும் தருகிறது. கட்டடப் பொறியாளர்கள் வழக்கமாகக் கேட்பது, 50 ஆண்டுகளில் மிஞ்சப்படுவதற்கு 10 விழுக்காடு வாய்ப்புள்ள நில முடுக்கம் ஆகும். இது சராசரியாக 475 ஆண்டுகளுக்கு ஒருமுறை மிஞ்சப்படும் அளவுக்குச் சமம். அடுத்த அதிர்ச்சிக்கு 475 ஆண்டுகள் காத்திருக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. அவ்வதிர்வு அடுத்த ஆண்டிலும் வரக்கூடும்.

பெறப்பட்ட இடர் அளவுக்கு எவ்வளவு தொலைவிலுள்ள, எவ்வளவு பெரிய நிலநடுக்கங்கள் காரணம் என்று பிரித்துக் காட்டும் வசதியும், குறிப்பிட்ட ஒரு நிலநடுக்கம் மீண்டும் நிகழ்ந்தால் என்னவாகும் என்று பார்க்கும் வசதியும் உண்டு.

இந்தியாவுக்கான மாதிரிகள்

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக ஆர். என். ஐயங்கார் தலைமையிலான வல்லுநர் குழு இந்தியா முழுமைக்குமான நிகழ்தகவு இடர் வரைபடத்தைத் தயாரித்தது. தமிழ்நாட்டுக்கெனத் தனியான மதிப்பீடு ஒன்றைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அருண் மேனனும் இத்தாலிய ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்டனர். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் நாத், திங்பைசாம் ஆகியோர் 2012இல் வெளியிட்ட இந்திய மாதிரியை நிக் ஆக்கர்லி என்பவர் பவியாவில் ஓப்பன்குவேக்கில் மீளக் கட்டமைத்து, 2016இல் திறந்த மாதிரியாக வெளியிட்டார்.

தென்னிந்தியாவைப் பொறுத்தவரை முதன்மையான இடர்ப்பாடு, வலுவான நிலநடுக்கங்களின் கருவிப் பதிவுகள் மிகக் குறைவாக இருப்பதே. இதனால் ரகுகாந்த், ஐயங்கார் ஆகியோர் கணினியில் செயற்கையாக உருவாக்கிய அதிர்வுகளைக் கொண்டு 2007இல் தீபகற்ப இந்தியாவுக்கான சமன்பாட்டைத் தந்தனர். கொய்னா-வார்ணா, தென்னிந்தியா, மேற்கு-மத்திய இந்தியா என மூன்று பகுதிகளுக்கும் அதன் எண்கள் வேறுபடும். இச்சமன்பாடு ஓப்பன்குவேக்கின் நிரலகத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. விரும்புவோர் அந்நிரலைத் திறந்து, ஒவ்வொரு எண்ணையும் மூலக்கட்டுரையுடன் ஒப்பிடலாம்.

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர்

இவ்விரு ஊர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சரிவில், ஒன்றுக்கொன்று சுமார் 11 கி.மீ. தொலைவில் உள்ளன. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893இன் 2002, 2016ஆம் ஆண்டுப் பதிப்புகளில் மலைக்கு அப்பாலுள்ள கேரளம் 3ஆம் வலயத்தில் வைக்கப்பட்டிருந்தது. கிழக்கே மதுரை 2ஆம் வலயத்தில் இருந்தது. 2ஆம் வலயத்துக்கான காரணி 0.10, 3ஆம் வலயத்துக்கு 0.16. அதாவது வரைபடத்தில் ஒரு கோட்டைத் தாண்டியவுடன் எண் ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்கிறது. நிலத்தடியில் அப்படியொரு கோடு இல்லை. அப்பதிப்புகளின் வலயங்கள் நிகழ்தகவுக் கணக்கிலிருந்து பெறப்பட்டவையும் அல்ல.

புள்ளிதோறும் கணிக்கும் மென்பொருளில் இத்தகைய திடீர்த் தாவல் வருவதில்லை. ஆனால் வேறொரு கேள்வி எழுகிறது. 2000 டிசம்பர் 12 அன்று கேரளத்தின் ஈராற்றுப்பேட்டை அருகே 5.0 அளவிலும், 2001 சனவரி 7 அன்று அதே பகுதியில் 4.8 அளவிலும் நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. இவ்விடம் இராஜபாளையத்திலிருந்து நேர்கோட்டில் 100 கி.மீ.க்கும் குறைவான தொலைவில் உள்ளது. 1900ஆம் ஆண்டின் கோயம்புத்தூர் நிலநடுக்கம் (அளவு ஏறத்தாழ 6) இதைவிடப் பெரியது, ஆனால் 150 கி.மீ.க்கும் அப்பாலானது. மலைத்தொடரைத் தனித் தோற்றுவாய்ப் பகுதியாக வகுத்தால் இந்நிகழ்வுகள் அனைத்தும் ஒரு குறுகிய பட்டைக்குள் அடங்கி, அடிவார ஊர்களின் இடர் உயரும். அதையே தீபகற்பம் முழுவதற்குமான பெரும் பகுதியாக வகுத்தால் அதே நிகழ்வுகள் பரந்த நிலத்தில் நீர்த்துப்போய், இடர் தாழும். இரண்டுக்கும் சான்று காட்டலாம். பதிவான நிகழ்வுகள் சிலவே என்பதால் எது சரி என்று தரவு மட்டும் தீர்ப்பளிக்காது. எனவே இவ்வூர்களுக்கு வெளியிடப்படும் எந்த ஒற்றை எண்ணையும்விட, அவ்வெண் எந்தக் கிளைகளுக்கு எவ்வளவு எடை கொடுத்துப் பெறப்பட்டது என்பதே முதன்மையானது.

1993இல் மகாராட்டிரத்தின் கில்லாரியில் பல்லாயிரவர் உயிரிழந்த நிலநடுக்கம், அப்போதைய வரைபடத்தில் மிகக் குறைந்த இடருள்ள 1ஆம் வலயத்தில் ஏற்பட்டது. தோற்றுவாய் மாதிரிகளில் தீபகற்பத்துக்கான மிகப்பெரும் நிலநடுக்க அளவை ஆய்வாளர்கள் 6க்கும் மேலாக வைப்பதற்கு இந்நிகழ்வு ஒரு காரணம்.

மண்ணும் கணக்கை மாற்றும். மலையடியில் பாறை ஆழமின்றிக் கிடக்கிறது. கிழக்கே செல்லச் செல்லக் கரிசலும் கண்மாய்ப் பாசன நிலங்களும் வருகின்றன. உலக வரைபடங்கள் பொதுவாகக் கடினப் பாறைநிலத்தை அடிப்படையாகக் கொள்வதால், அவற்றிலுள்ள எண்ணை அப்படியே ஒரு நூற்பாலைக்கோ பள்ளிக் கட்டடத்துக்கோ பயன்படுத்தலாகாது.

இத்தகைய அனுமானங்கள் வழக்குமன்றம் வரை சென்றதும் உண்டு. திருவில்லிபுத்தூருக்கு நேர்மேற்கே சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள முல்லைப்பெரியாறு அணை (1895) நிலநடுக்கத்தைத் தாங்குமா என்பதில் கேரளமும் தமிழ்நாடும் முரண்பட்ட ஆய்வுகளை முன்வைத்தன. உச்சநீதிமன்றம் அமைத்த குழு 2012இல் அணை பாதுகாப்பானது என அறிக்கை அளித்தது. 2014 மே 7 அன்று நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்த நீதிமன்றம் அனுமதித்தது.

கோபுரங்களும் கட்டடங்களும்

இழப்பைக் கணிக்க, ஒரு பகுதியிலுள்ள கட்டடங்கள் வகைப்படுத்தப்பட்டு, ஒவ்வொரு வகைக்கும் சேத வாய்ப்பு தரப்படுகிறது. செங்கல் வீடு, கற்காரைச் சட்டகக் கட்டடம் போன்றவற்றுக்கு இது ஏற்றது. திருவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் 11 நிலைகளும் ஏறத்தாழ 192 அடி உயரமும் கொண்ட இராசகோபுரம் எந்த வகையிலும் அடங்காது. தமிழ்நாடு அரசு முத்திரையில் உள்ளது இக்கோபுரமே எனப் பரவலாகக் கருதப்படுகிறது. தாழ்ந்த வீடுகள் விரைவாக அதிரும். உயர்ந்த கோபுரம் மெல்ல ஊசலாடும். ஆகவே அருகிலுள்ள சிறு நிலநடுக்கத்தைவிடத் தொலைவிலுள்ள பெரிய நிலநடுக்கத்தின் நீண்ட அலைகளுக்கு அது கூடுதலாக அசையக்கூடும். வெவ்வேறு அலைவுக் காலங்களுக்கான முடுக்கத்தை ஓப்பன்குவேக் கணித்துத் தரும். அதற்குமேல் கோபுரத்தின் கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து எவ்வாறு தாங்கும் என்பதை ஓப்பன்சீஸ் போன்ற கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருள் கொண்டே காணவேண்டும். தென்னிந்தியக் கோபுரங்களையும் மண்டபங்களையும் இவ்வாறு ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2018இல் சாதனா ஆய்விதழில் வெளிவந்தது.

உரிமம்

அஃபெரோ உரிமத்தின்படி, மென்பொருளை மாற்றியமைத்து வலைச்சேவையாக வழங்குவோரும் தம் மாற்றங்களின் மூலநிரலைப் பயனர்களுக்குத் தருதல் வேண்டும். இவ்வுரிமம் நிரலுக்கு மட்டுமே உரியது. நாடுகளுக்கான இடர் மாதிரிகளும் கட்டடத் தரவுகளும் தனித்தனி உரிமங்களின் கீழ் வருகின்றன. அவற்றுள் சில வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. ஓப்பன்சீசின் மூலநிரல் யாவரும் காணக் கிடைத்தாலும், வணிக நோக்கில் அதை மறுவிநியோகம் செய்யத் தனி அனுமதி தேவைப்படுவதால், அதைக் கண்டிப்பான பொருளில் கட்டற்ற மென்பொருள் எனக் கூறுதல் பொருந்தாது.