தனியா போனேனாம்!

ஸ்ரீநகர்ல இருந்து லே வரைக்கும் தன்னந்தனியா புல்லட்ல போயிட்டு வந்தேன்னு பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் பீத்திக்கிட்டு இருந்தவன் நான். சுமார் 11,500 அடி உயரத்துல சோஜிலா கணவாய். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளம், நடுவுல சேறு. முதல் கியர்லயே கை நடுங்கிச்சு மக்களே!

ஊருக்கு வந்து வரலாற்றைப் படிச்சப்போதான் உறைச்சுது. 1948-ல் இந்தக் கணவாய் பாகிஸ்தான் தரப்புப் படைங்க கையில. ஸ்ரீநகர்ல இருந்து லேவுக்குத் தரைவழியே இல்லை. அப்போ இது வெறும் கோவேறு கழுதைத் தடம். அதை டாங்கி ஏறுற பாதையா வெட்டினது யார் தெரியுமா? நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ்! ஜெனரல் திம்மையாவோட திட்டப்படி, நவம்பர் 1-ம் தேதி 7-வது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் அதுல ஏறின. அந்த உயரத்துல டாங்கியை யாரும் எதிர்பார்க்கலை. கணவாய் விழுந்தது. அதே மாசம் கார்கிலும் மீண்டது, லேவுக்கு வழி திறந்தது.

குளிர்ல அவங்க மலையை வெட்டித் திறந்த வழி அது. இனிமே 'தனியா போனேன்'னு சொல்ல வாய் வராது.